கை படாமல் வந்தது

மண்டபம் அகதி முகாமின் தகரக் கூரையில் மாலை வெயில் இறங்குகிறது. சிவகௌரி பழைய கணினியின் முன்னே கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சிதறிப்போன ஊர்க்காரர்கள் எழுதும் செய்திக்குழுவிலிருந்து, இணையம் கிடைக்கும்போதெல்லாம் புதியவற்றைத் தானாக இறக்கிக்கொள்ளும்படி கணினியின் யூனிக்ஸ் இயங்குதளத்தில் இப்போதுதான் கட்டளை எழுதி முடித்திருக்கிறாள். காணாமல்போன அவளுடைய தம்பி கோகிலனைக் கண்டவர் உண்டா என்று அப்பா சண்முகலிங்கம் கேட்டதை நேற்று அந்தக் குழுவுக்கு அனுப்பியிருந்தாள். "எதையாவது அமத்தன், பிள்ளை," என்கிறார் பக்கத்து நாற்காலியிலிருக்கும் அப்பா, விசைப்பலகையைக் காட்டி. முகாம் கணக்கெடுப்பு வரிசைக்கு அவர் போக வேண்டும். "அமத்தாமல் வந்தால்தான் அப்பா சரி." ஜன்னல் கம்பியில் தொங்கும் மோடத்தில் பச்சை விளக்கு மினுங்குகிறது. கணினி கரகரக்கிறது. கறுப்புத் திரையில் எழுத்துகள் எழுகின்றன. அப்பா குனிந்து உதடசையப் படிக்கிறார். "இஞ்ச பார், இன்னொருத்தரும் தம்பியைத் தேடுறார்!" "அது நீங்கள்தான், அப்பா. உங்கட கேள்வி எல்லாரிட்டயும் போயிருக்கு. அதுதான் எங்களுக்கும் வந்திருக்கு." அவர் திரையிலுள்ள தன் பெயரை விரலால் தொடுகிறார். "அப்ப கோகிலன்ர கண்ணிலயும் படும், என்ன?" வெளியே கணக்கெடுப்பு விசில் ஒலிக்கிறது. அவர் எழுந்து, பேருந்தில் இடம் பிடிப்பவரைப்போலத் தோள் துண்டை எடுத்து நாற்காலியில் விரிக்கிறார். "போயிட்டு வாறன். அதுவரைக்கும் நீ ஒண்டையும் அமத்திப்போடாதை."