குளவி வீடு கட்டிய இடம்

நிழலில் நின்ற ஒரு ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில் குளவி கூடு கட்டிக்கொண்டிருந்தது. ஈரமண் குழாயடியிலேயே கிடைத்ததால் மற்றக் குளவிகளைவிட அதற்கு வேலை வேகமாக நடந்தது. முதல் அறையில் முட்டையும் இட்டு மூடியாகிவிட்டது.

பக்கத்துச் சுவரிலிருந்த பல்லி கேட்டது: "தங்கச்சி, இதுக்கு எதுக்குச் சக்கரம் இருக்குன்னு யோசிச்சியா?"

"யோசிக்கிற நேரத்துல ரெண்டு நடை மண்ணு கொண்டாந்துடுவேன் அண்ணே. நீங்க இத்தனை நாள் யோசிச்சு என்னத்தைக் கட்டினீங்க?"



மறுநாள் குளவி மண்ணோடு திரும்பியபோது ஸ்கூட்டரைக் காணோம். அது நின்ற இடத்தையே சுற்றிச் சுற்றிப் பறந்தது. தெருமுனை வரை போய்ப் பார்த்தது. பிறகு சுவரில் வந்து உட்கார்ந்தது. பல்லி நகர்ந்து இடம் விட்டது.

குளவி கேட்டது: "அண்ணே, இந்தச் சுவரு எங்கயாவது போயிடுமா?"

"நான் பார்த்தவரைக்கும் போனதில்லை. எதுக்கும் கீழே சக்கரம் இருக்கான்னு பார்த்துடுறேன். நீ போய் மண்ணு கொண்டா. அது காயறதுக்குள்ள சொல்லிடுறேன்."