சாலையைப் பார்த்த பாக்ஸ்

புடவை மஞ்சளா அரக்கா, இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மஞ்சள் என்றுதான் நினைவு. மஞ்சள் நீராட்டு விழா என்பதால் பிற்பாடு நானே பூசிக்கொண்ட நிறமாகவும் இருக்கலாம்.

அவள் கேட்டது மட்டும் அப்படியே இருக்கிறது.

"அண்ணா, மைக்ல என் பேரைச் சொல்லாதீங்க."

ஆள் உயரத்துக்கு அடுக்கிய ஸ்பீக்கர் பாக்ஸுகளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஜடை அலங்காரம் பாதிதான் முடிந்திருந்தது. இடையில் எழுந்து ஓடி வந்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு வயது.

சாலைக்கு எதிர்ப்பக்கம் கையைக் காட்டினாள். பள்ளிக்கூடம். முதல் மாடி, கடைசி ஜன்னல்.

"அதான் ஏழாவது பி. பசங்களும் இருக்காங்க. லீவ் லெட்டர்ல காய்ச்சல்னு எழுதியிருக்கு."

வெள்ளிக்கிழமை. பதினொன்றரை மணி. அந்த ஜன்னலிலிருந்து ஏதோ செய்யுளைச் சேர்ந்து ஒப்பிக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. அங்கிருந்து இங்கே கேட்டால், இங்கிருந்து அங்கேயும் கேட்கும்.

ஃபிளெக்ஸை மண்டபத்துக்கு உள்ளே கட்டச் சொல்லி அழுது ஜெயித்திருந்தாள். பத்திரிகையைப் பள்ளியில் கொடுக்கவிடாமல் செய்திருந்தாள். மிச்சம் இருந்தது நான்தான்.

"வீட்டு இளவரசின்னு மட்டும் சொல்றேன். போ, பூ உதிருது."

அவள் போனாள்.

சாலையைப் பார்த்திருந்த பாக்ஸைப் பந்தி நடக்கும் பக்கம் திருப்பினேன். அவள் மேடைக்கு நடந்து வருவதற்கு, வார்த்தைகளே இல்லாத ஒரு வீணை இசையை எடுத்து வைத்தேன்.

தாய்மாமன் சீர்வரிசையோடு வந்து இறங்கினார். வெடி. தட்டுகள். வேன் வேனாக ஆட்கள்.

வீணையைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்ப்பா டிஜே, யாரு செத்தது?"

மண்டபம் சிரித்தது.

கேட்டவர் தாய்மாமன். அவருடைய ஆட்கள் இரண்டு பேர் பாக்ஸை மறுபடியும் சாலைப் பக்கம் திருப்பினார்கள். பாட்டையும் அவர்களே சொன்னார்கள். ஒரு பெண்ணின் இடுப்பைப் பற்றிய பாட்டு.

பன்னிரண்டு வயது என்று இன்னொரு முறை எழுதத் தோன்றுகிறது.

போட்டேன்.

புகைக்கு நடுவே அவள் நடந்து வந்தாள். மேடையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தபடி வந்தாள்.

"இதோ, நம் வீட்டு இளவரசி."

மாமா மேடையிலிருந்து காதில் கை வைத்துக் காட்டினார்.

"பேரைச் சொல்லுய்யா! வாயில என்ன கொழுக்கட்டையா? எங்க வீட்டுப் பொண்ணு வயசுக்கு வந்தது ஊருக்கே கேக்க வேணாமா?"

ஊருக்கு ஏன் கேட்க வேண்டும்?

கேள்வி என் வாயில்தான் இருந்தது. மைக்கும் வாயருகில்தான் இருந்தது.

பெயரைச் சொன்னேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் ஒரு பெயரைச் சொன்னால் என் இடது கை எக்கோ குமிழுக்குப் போய்விடும். பதினோரு வருடப் பழக்கம். மணமகன் பெயர், மணமகள் பெயர், வாழ்த்த வந்த எம்எல்ஏ பெயர். குமிழைத் திருகினால் ஒரு பெயர் ஐந்து பெயராகித் தேய்ந்துகொண்டே போகும். கூட்டம் விசிலடிக்கும்.

கை போனது.

திருகியது.

அவள் பெயர் சாலையைக் கடந்தது. ஒன்றன்பின் ஒன்றாக, ஐந்து முறை.

எதிர்ப்பக்கம் செய்யுள் நின்றது.

இங்கே விசில். மாமா ஆடினார். அப்பா ஆடினார். வீடியோக்காரர் அவளைச் சிரிக்கச் சொன்னார். அவள் என் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டரைக்குப் பள்ளியில் சாப்பாட்டு மணி அடித்தது.

மதில்மேல் வரிசையாகத் தலைகள். பையன்கள் வாயருகே கை குவித்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். முதலில் உரக்க. பிறகு கொஞ்சம் தாழ்த்தி. பிறகு இன்னும் தாழ்த்தி. ஐந்தாவது முறை உதடு மட்டும் அசைந்தது.

மிகச் சரியாகச் செய்தார்கள்.

பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமா அந்தப் பையன்களுக்கு ஒரு தட்டு லட்டு கொடுத்தனுப்பினார்.

லட்டு.

எட்டு வருடம் கழித்து அவளுடைய அப்பா என்னைத் தேடி வந்தார். இளைய மகளுக்கு விழா. பெரியவளைப் பற்றிக் கேட்டேன். அதன்பின் அவள் அந்தப் பள்ளிக்குப் போகவே இல்லையாம். திருநெல்வேலியில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தாளாம்.

"பதினெட்டு முடிஞ்சதும் கெஜட்ல கொடுத்துப் பேரையே மாத்திக்கிட்டா தம்பி. நல்லாத்தான் இருந்துச்சு அந்தப் பேரு. என்ன கிறுக்கோ."

இப்போது மாமா வார்டு கவுன்சிலர். அப்பாவுக்குச் சர்க்கரை, லட்டு தொடுவதில்லை. அவள் கல்லூரி கடைசி வருடம்; தங்கையின் விழாவுக்கு வரவில்லை.

நான் போனேன். அதே மண்டபம். எக்கோ குமிழின்மேல் கருப்பு டேப் ஒட்டியிருந்தேன். மைக்கை மாமாவே வாங்கிச் சின்னவளின் பெயரைச் சொன்னார். ஏன் எக்கோ வரவில்லை என்று கேட்டார்.

ரிப்பேர் என்றேன்.

பெயர் ஒரே ஒரு முறைதான் போனது. பாக்ஸ் சாலையைப் பார்த்துத்தான் இருந்தது.