இருபத்திரண்டாம் எண் சட்டை

"வெர்னன், அந்தச் சட்டையைக் கழட்டு. இல்லேன்னா அடுப்பைத் தூக்கிட்டு வேற எடம் பாரு!"

ரஸ்டி கத்திய கத்தலில் பார்க்கிங் மைதானமே திரும்பிப் பார்த்தது.

எங்கள் கல்லூரி அமெரிக்க ஃபுட்பால், அதாவது பந்தைக் கையில் ஏந்தி ஓடி, மோதிச் சாய்க்கும் ஆட்டம், ஆடும் சனிக்கிழமை. ஆட்டத்துக்கு முன்னால் பார்க்கிங்கில் கூடாரம் போட்டு, அடுப்பு மூட்டிச் சுட்டுச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். ஊரே சிவப்புச் சட்டையில் இருந்தது. நாய்க்குக்கூடச் சிவப்புக் கழுத்துப்பட்டை. எதிரணியோ பக்கத்து ஊர்க் கல்லூரி, பரம எதிரி.

அன்றைக்குப் பார்த்து, இருபது வருடமாக எங்கள் கூடாரத்துக்குப் பன்றி விலா சுடும் வெர்னன், எதிரியின் நீலச் சட்டையில் வந்து நின்றார். மார்பிலும் முதுகிலும் 22.

"பந்தயம் கட்டித் தோத்துட்டியா?" என்றேன் கிண்டலாக.

"இல்லப்பா. ஒரு பையனுக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

"உன் மகன் போட்டோவுக்கு முன்னாடியே இப்படி வந்து நிக்கிறியே, வெக்கமாயில்ல?" என்றார் ரஸ்டி. "அந்த இருபத்திரண்டு எந்தப் பயலோட நம்பர்?"

கூடார முகப்பில், எப்போதும்போல அந்தப் பெரிய படம். ஆறு வருடம் முன்பு இதே எதிரியோடு ஆடியபோது, கடைசி நிமிடத்தில் பந்தோடு ஓடியவனை வெர்னனின் மகன் கிளின்ட் மோதிச் சாய்த்த படம். அதனால்தான் ஜெயித்தோம். மைதானத்துக்குள் குதித்துக் கண்மண் தெரியாமல் ஆடினோம். அதன்பிறகு கிளின்ட் ஆட்டத்தையே விட்டுவிட்டான். ஏனென்று யாரும் கேட்டதில்லை. ஆனால் படத்தை மாட்டாமல் நாங்கள் அடுப்பு மூட்டியதில்லை.

ரஸ்டி இடுக்கியைப் பிடுங்கிக்கொண்டார். "விலாவை நான் பாத்துக்கறேன். நீ கிளம்பு."

வெர்னன் கையைத் துடைத்துக்கொண்டார். இருபது வருடச் சிநேகிதம். அவருக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

அப்போது ஒரு வேன் வந்து நின்றது. கிளின்ட் இறங்கிப் பக்கக் கதவைத் திறந்தான். சாய்வுப் பலகை வழியே ஒரு சக்கர நாற்காலியை மெதுவாக இறக்கினான். அதில் நீலச் சட்டையில் ஓர் இளைஞன்.

"மிஸ்டர் வெர்னன்! நெஜமாவே போட்டுட்டீங்களா?"

"நீதானே எலைஜா சொன்னே, அத்தனை சிவப்புக்கு நடுவுல நான் மட்டும் நீலமா வரமாட்டேன்னு. இப்ப ரெண்டு பேரு."

கிளின்ட் ஜாக்கெட்டைத் திறந்து காட்டினான். உள்ளே நீலம். "மூணு."

வெர்னன் ரஸ்டியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "அடிபட்ட பின்னாடி இன்னிக்குத்தான் மைதானத்துப் பக்கமே வர்றான். நம்ம கூடாரத்துல சாப்பிட வைக்கலாம்னு கூப்பிட்டேன். பரவாயில்ல, நாங்க வேற எடம் பாத்துக்கறோம்."

ரஸ்டி இடுக்கியை வெர்னன் கையில் திருப்பிக் கொடுத்தார். நாற்காலிமேல் ஏறிப் படத்தைக் கழற்றினார்.

ஆறு வருடமாக அந்தப் படத்துக்குக் கீழே தின்று, குடித்து, கூச்சல் போட்டிருக்கிறோம். கிளின்ட்டின் காலடியில் மல்லாந்து கிடந்தவனின் மார்பில் என்ன எண் இருந்தது என்பதை, அன்றுதான் முதன்முறையாகப் படித்தோம்.