மேட்டை விட்டு இறங்காதவள்

போர்ட் பிளேர் பஸ் கிளம்ப இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது. ஒச்சம்மா மேட்டுப் பாறையை விட்டு அசைவதாக இல்லை.

"கடல் அது பாட்டுக்குக் கெடக்குக்கா. நீங்களே பாருங்க," என்றாள் நளினி.

"பாக்க முடிஞ்சா நான் எதுக்குப் புள்ள ஆஸ்பத்திரிக்குப் போறேன்?"

ஒச்சம்மாவுக்கு வலது கண் போய் இரண்டு வருடமாகிறது. இடது கண்ணிலும் புரை முற்றிவிட்டது. நாளைக்கு போர்ட் பிளேரில் ஆபரேஷன். கண் முகாமுக்கு மெயின்லேண்டிலிருந்து வந்த டாக்டர்கள் நாளையோடு திரும்புகிறார்கள். இந்த பஸ்ஸை விட்டால் அடுத்த முகாம் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

அந்த இடது கண்ணால்தான் காலையில் வீடியோவைப் பார்த்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி போனை மூக்குக்கு நேரே பிடித்துக் காட்டினாளாம். இதே ஊரின் படகுத்துறை, மாயாபந்தர் ஜெட்டி. கடல் உள்வாங்கி, சேற்றில் படகுகள் சாய்ந்து கிடக்கின்றன. பிறகு தென்னை உயரத்துக்கு அலை எழுந்து வருகிறது. எவனோ இந்தியில் "பாகோ, பாகோ" என்று, ஓடச் சொல்லி அலறுகிறான்.

ஏழு மணிக்குள் ஊரில் பாதி இந்த மேட்டில் நின்றது. எட்டரைக்கு போலீஸ் மைக்கில் அது பொய் என்று சொன்னதும் திட்டிக்கொண்டே இறங்கிப் போனார்கள். ஒச்சம்மா மட்டும் மடியில் பையோடு உட்கார்ந்துவிட்டாள்.

போனில் எப்படியெல்லாம் ஏமாற்றுகிறார்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்வதுதான் நளினிக்கு வேலை. மூன்று வருடமாகச் சொல்கிறாள். பள்ளிக்கூடங்களில், மகளிர் குழுக்களில், ஜெட்டியில் கப்பலுக்குக் காத்திருப்பவர்களிடம். எல்லோரும் தலையாட்டுவார்கள். டீயும் பிஸ்கட்டும் வந்ததும் வாங்கிக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து எதையாவது ஃபார்வர்ட் செய்வார்கள்.

இன்று அவர்களைத் திட்டவும் அவளுக்கு வாய் வரவில்லை.

"அது ஜூட்டுக்கா. கம்ப்யூட்டர்ல செஞ்ச பொய். எந்திரிங்க."

ஒச்சம்மா மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கச்சால் தீவுல சுனாமி அன்னைக்கு, மொத அலை வடிஞ்சதும் ஒருத்தர் மேட்டுக்கு வந்தாரு. படிச்ச மனுசன். ஒண்ணும் இல்ல, எறங்குங்கன்னாரு. எங்க வீட்டுக்காரர் எறங்கினாரு."



கீழே பஸ் ஒருமுறை ஹாரன் அடித்தது.

"போன மாசம் கிளாஸ்ல நீதானே சொன்ன, எது வந்தாலும் மொதல்ல யாரு செஞ்சதுன்னு கேளுங்கன்னு? இதைச் செஞ்சது யாரு? உனக்குத் தெரியுமா?"

மூன்று வருடத்தில் ஒருவர்கூட அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"தெரியும்க்கா," என்றாள் நளினி. "நான்தான்."

போலீஸிடம்கூட இன்னும் சொல்லாததை அந்தப் பாறைமுன் நின்று சொன்னாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எடுத்த வகுப்பு. ஒரு பொய்யைச் செய்வது எவ்வளவு சுலபம் என்று காட்டுவதற்காக, அத்தனை பேர் கண்முன்னே ஏழு நிமிடத்தில் அந்த வீடியோவைச் செய்தாள். ஓரத்தில் 'போலி' என்று எழுதியும் வைத்தாள். முடிந்ததும் கைதட்டினார்கள். கூட்டத்தில் யாரோ திரையைப் போனில் படம் பிடித்திருக்கிறார்கள். ஓரத்தை வெட்டிவிட்டு, அலறலைச் சேர்த்திருக்கிறார்கள்.

ஒச்சம்மா கடைசிவரை கேட்டாள். அவள் முகத்தில் கோபம் வரவில்லை.

"என்னைய எறக்கணும்னு, பழிய எடுத்து உன் தலையில போட்டுக்கிறியே புள்ள," என்றாள்.

பஸ் வளைவில் கியர் மாற்றி ஏறும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

ஒச்சம்மா நகர்ந்து பாறையில் இடம் விட்டாள். தடவிப் பார்த்து நளினியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காரு. நீயும் எறங்காத."