விபத்தில்லா நாள் 413

வாயு கசிந்து வளைகுடாவின் புஜைராவில் தொழிலாளர் கேம்ப்பைக் காலி செய்து நான்கு நாளாகிறது. கொடியில் லுங்கிகள் ஆடுகின்றன. கீழே இறக்கை விரித்துக் கிடக்கிற புறாக்களின்மேல் ஓர் ஈகூட இல்லை. ஆளில்லாத மெஸ்ஸில் மின்விசிறி மட்டும் சுற்றுகிறது. வாசல் பலகையில் நேற்று ‘விபத்தின்றி 412 நாட்கள்’ என்றிருந்ததை இன்று 413 ஆக்கிவிட்டு முகமூடியோடு நிற்கிறான் முனியசாமி. காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளிருந்து போனில் பேசுகிறார் சேஃப்டி ஆபீசர் மணிமாறன்: “மாஸ்க்கைக் கழட்டுப்பா, போட்டோ ஹெட் ஆபீசுக்குப் போகணும்.” “காத்து சரியாயிடுச்சா சார்?” “எல்லாம் சரியாயிடுச்சு.” “அப்போ இறங்கி வந்து எடுங்க சார்.” “ஏசி வீணாப்போகும்பா. யல்லா, சீக்கிரம் சிரி.” முகமூடிக்குள்ளேயே மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு, அதைக் கழற்றிச் சிரிக்கிறான் முனியசாமி. நெஞ்சு முட்டுகிறது. “கண்ணை மூடிட்டியேப்பா. அப்படியே நில்லு, இன்னொன்னு எடுத்துக்கறேன்.”