தலையாட்டி அட்டை

இந்த முறையும் அவள் புருசன் அதைப் போடவில்லை.

கையில்தான் வைத்திருக்கிறான். அவளுக்குத் தெரியும். அந்த அட்டையின் மூலையைக் கொஞ்சம் மடித்து வைத்திருந்தாள், கள்ளி.

ஆட்டத்தில் அவன் அரசாங்கப் படை. அவள் காட்டுக்குள் இருக்கும் போராளிகள். நடுவில், வரைபடம் முழுக்கச் சனங்கள். சனங்களுக்குப் புளியங்கொட்டை வைத்திருந்தாள். அவள் செய்யும் இந்த விளையாட்டு கடைக்கு வரும்போது அவை வழுவழுப்பான மரத்துண்டுகளாகிவிடும். அதுவரை புளியங்கொட்டைதான்.

வெளியே கனடாவின் ஸ்காபரோ முழுக்கப் பனி. பேஸ்மென்டில் ஹீட்டர் கடகடத்துக்கொண்டிருந்தது. நாளை மறுநாள் பதிப்பாளர்கள் முன்னால் இதை விரித்துக் காட்ட வேண்டும். மற்றதெல்லாம் தயார். ஓர் அட்டை மட்டும் சரிவர மாட்டேன் என்கிறது.

தலையாட்டி.

இலங்கையில் ஆமிக்காரரின் சுற்றிவளைப்பு என்றால் ஊரையே பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். முன்னால் ஒருவன் இருப்பான். தலையில் சாக்கு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஆட்களை ஒவ்வொருவராக அவன் முன்னால் நடத்துவார்கள். சாக்கு அசைந்தால் காட்டிக்கொடுத்தாயிற்று, ட்ரக்கில் ஏற்றுவார்கள். அவ்வளவுதான்.

அவள் கூடப் பிறந்த குகன் அண்ணாவை அப்படித்தான் ஏற்றினார்கள். திரும்பி வரவில்லை.

அந்தச் சாக்குக்குள் இருந்த நாசமாய்ப் போனவன் ஏன் தலையை ஆட்டினான்? எதைக் கொடுத்தார்கள் அவனுக்கு? இதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த விளையாட்டையே செய்தாள். ஒருவருக்கும் சொன்னதில்லை. புருசனுக்குக்கூட.

அட்டையைப் போட்டால், காட்டுக்காரர்களின் கவிழ்த்துவைத்த கட்டைகள் மூன்றைத் திருப்பிப் பார்க்கலாம். ஆட்டம் முடிந்த மாதிரிதான். அதற்கு விலை, மூன்று புளியங்கொட்டை அரசாங்கத்துக்கு எதிராகத் திரும்பும்.

ஓர் அட்டையை யாரும் போடவில்லையா, விலை கூடிப்போய்விட்டது. அவள் தொழிலில் இது பாலபாடம்.

மூன்றை இரண்டாக்கினாள். அவன் போடவில்லை. ஒன்றாக்கினாள். போடவில்லை. இன்று காலை சும்மாவே கொடுத்தாள். சும்மா கிடைத்ததையும் கையில் பிடித்துக்கொண்டே தோற்றான்.

மற்றதில் எல்லாம் ஈவிரக்கம் பார்க்காத ஆட்டக்காரன். பாதையை மறிப்பான். நெல்லை எரிப்பான். சனத்தை ஒரு மூலையில் இருந்து மறு மூலைக்குக் கலைப்பான். இதற்கு மட்டும் என்ன வந்தது?

எழுந்தாள். திரும்ப உட்கார்ந்தாள். தேத்தண்ணியில் சீனி போட்டதை மறந்து மறுபடி போட்டாள். ஆத்திரத்தில் அவளுக்கு விசர் வந்தது.

"இஞ்சேருங்கோ, வேணுமெண்டே தோக்கிறியளோ?"

"இல்லை."

வாயால் மட்டும். கேதீஸ்வரன் எதற்கும் தலையை அசைக்க மாட்டான். ஓம் என்றாலும் வாய்தான், இல்லை என்றாலும் வாய்தான். பெண் பார்க்க வந்த அன்றே, மாப்பிள்ளைக்குச் சரியான தலைக்கனம் என்று அம்மா முணுமுணுத்தாள். சிநேகிதர்கள் கழுத்துப் பிடிப்பு என்று பகிடி பண்ணுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். கலியாணத்துக்கு முன் ஆமி முகாமில் அடிவாங்கிக் கிடந்த உடம்பு, ஏதும் எலும்பு பிசகியிருக்கும் என்று பிறகு இரக்கப்படுவாள். அவன் அதைப் பற்றிப் பேசியதில்லை.

பேனையை எடுத்தாள். அட்டையின் அடியில் எழுதினாள்.

கைக்கு வந்தால் கட்டாயம் போட வேண்டும்.

"இனிப் பாப்பம்" என்றாள். அட்டைகளைக் கலைத்தாள். வேண்டுமென்றே அதை மேலே விட்டாள்.

அவன் எடுத்தான். பார்த்தான். மேசையில் கவிழ்த்து, மேலே கையை வைத்துக்கொண்டான்.

"போடுங்கோ. விதி அது."

பிறகு அட்டையைத் திருப்பினான். அவள் கீறியிருந்த படத்தைப் பெருவிரலால் தடவினான். சாக்கு. இரண்டு கண்.

"பிழையாக் கீறியிருக்கிறீர்."

மெல்லத்தான் சொன்னான்.

"ஓட்டை ரெண்டும் இவ்வளவு தள்ளி இருந்தா ஒரு கண்ணாலதான் பாக்கலாம். கிட்டக் கிட்ட வேணும். கோதுமை மாச்சாக்கு அது. உள்ளுக்கு மா ஒட்டியிருக்கும். மூக்குக்குள்ள போகும். தும்மினாலும் தலை ஆடும்."

ஹீட்டர் நின்றது.

அவளுக்குப் பயம் வந்தது. ஒரே கட்டில், ஒரே தலையணை, இத்தனை வருசம். கேட்காதே என்றது மனம். கேட்காமல் இந்த மேசையை விட்டு எப்படி எழும்புவது?

"எந்த ஊரில?"

அவன் அட்டையை மறுபடி கவிழ்த்தான்.

"எங்கட பள்ளிக்கூடத்திலயோ?"

ஓம் என்று வரவில்லை. இல்லை என்றும் வரவில்லை.

அவள் அவன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலில் வரிசையில் வந்த அண்ணாவும் இப்படித்தான் பார்த்திருப்பான்.

அசையாதே. கடவுளே, அசையாதே.