நோட்டுப் புத்தகத்தில் கடைசிப் பெயர்

ஆகஸ்ட் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, பிற்பகல் நாலரை மணி. நெப்ராஸ்காவில் எங்கள் மாவட்டச் சந்தையில், பன்றிக் கொட்டகைக்கும் எலுமிச்சைச் சாறு வண்டிக்கும் நடுவே மாநிலக் கருவூலம் ஒரு மேசை போட்டிருந்தது. மறந்துபோன வங்கிக் கணக்கு, மாற்றாத காசோலை, கேட்பாரற்ற லாக்கர் என்று அரசின் வசம் கிடப்பவற்றை உரியவரிடம் சேர்க்கும் மேசை அது. வருகிறவர் தம் பெயரைச் சொன்னால் நான் கணினியில் தேடித் தருவேன்.

முப்பத்தெட்டு ஆண்டுகள் லத்தீன் கற்பித்தவள் நான். சம்பளமில்லாத இந்த வேலைக்கு விரும்பியே வந்தேன். தன் பொருளைத் தானே தொலைக்கிறவர்களைக் கண்டிக்க இதைவிட நல்ல இடம் ஏது?

ஏமாற்றுக்காரர்களையும் நான் அறிவேன். அந்த வாரம்கூட, நோட்டுப் புத்தகத்துடன் என் வீட்டுக் கதவைத் தட்டிய ஒருவரை, கதவைத் திறக்காமலே, ஜன்னல் வழியே பார்த்து, போலீசைக் கூப்பிடுவதாகச் சொல்லி விரட்டியிருந்தேன்.

அதே ஆள் இப்போது வரிசையில் நின்றார். எழுபது வயதிருக்கும். கையில் அதே நோட்டு.

எமில் வாசெக் என்று பெயர் சொன்னார். ஒரு லாக்கர் விஷயமாக வந்தாராம். ஐந்து மணிக்குள் உரியவர் கையெழுத்திடாவிட்டால், உள்ளே இருப்பது திங்கட்கிழமை ஏலத்துக்குப் போய்விடுமாம்.

"உங்க பேர்லயா?"

"இல்ல டீச்சர், வேற ஒருத்தங்க. கொஞ்சம் தனியா பேசலாமா?"

"இங்க எல்லாம் வெளிப்படைதான். எத்தனை சதவீதம் கமிஷன் வாங்கறீங்க?"

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. வகுப்பின் கடைசி பெஞ்சை எட்டிப் பழகிய குரல் என்னுடையது.

அவர் தொப்பியைக் கழற்றினார். இந்தப் பகுதியில் இருபது ஆண்டுகள் தபால் போட்டு, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவராம்; சாலையோரப் பெட்டியில் தபாலைப் போட்டுவிட்டுப் போகிறவரின் முகத்தை நான் பார்த்ததில்லை. செய்தித்தாளில் வரும் கருவூலப் பட்டியலில் தெரிந்த பெயர் கண்டால், எழுதிக்கொண்டு வீடு தேடிப் போய்ச் சொல்வாராம்.

"கமிஷன் உண்டு டீச்சர். ஆளுக்கு ரெண்டு சீமைச் சுரைக்காய் தலையில கட்டிடறாங்க. வீட்டுல வைக்க இடமில்ல."

வரிசை சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

"அவங்கவங்க பேரைத்தான் பார்க்கலாம். விதி அதுதான். அடுத்தவங்க வாங்க."

அவர் நகரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்போ உங்க பேரைத் தட்டுங்க."

"நான் எதையும் தொலைச்சதில்ல."

"சும்மா தட்டுங்க டீச்சர். மணி நாலே முக்கால் ஆச்சு."

அவர் வாயை அடைக்கவே தட்டினேன். இல்ஸா பிராண்ட்வோல்ட். லாக்கர் ஒன்று, நானே அடியோடு மறந்துபோனது. மறைந்த என் கணவர் ஹார்லனுடன் கூட்டாக. பக்கத்து ஊரில், மூடிவிட்ட ஒரு வங்கியில்.

அவர் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"அந்த பேங்க்ல இருந்து மூணு லெட்டர் கொண்டுவந்து உங்க பெட்டியில போட்டேன். மூணுலயும் சிவப்பு மையில 'மோசடி'ன்னு எழுதித் திருப்பிட்டீங்க. இந்த நோட்டுல கடைசிப் பேர் உங்களுதுதான்னு செவ்வாய்க்கிழமை நேர்லயே வந்தேன். அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்."

நான் கையெழுத்திட்டபோது ஐந்து மணிக்கு நான்கு நிமிடம் இருந்தது.

அக்டோபர் நான்காம் தேதி வந்த பொட்டலத்தில், ஹார்லனின் தந்தையுடைய பழைய கடிகாரம் இருந்தது. ஏரியில் தொலைத்துவிட்டார் என்று, ஹார்லன் கண்மூடும்வரை அவரை நான் குத்திக்காட்டிய கடிகாரம். "எங்கயோ பத்திரமா இருக்கு இல்ஸா" என்று அவர் சொன்னபோதெல்லாம், அதை ஒரு மாணவனின் சாக்காகவே எடுத்துக்கொண்டேன்.

தபால் செலவை அரசே ஏற்றது. வாசெக் என்னிடம் ஒரு சுரைக்காய்கூட வாங்க மறுத்துவிட்டார். மன்னிப்பை மட்டும், அடுத்த ஆண்டுச் சந்தையில், நீண்ட வரிசைக்கு முன்னால், கடைசி பெஞ்சுக்கும் கேட்கும் குரலில் செலுத்தினேன். ஓராண்டுத் தாமதத்துக்கு அவர் வட்டி கேட்கவில்லை.